கிணற்றுத் தண்ணீருக்கு யார் கட்டணம் கட்டுவது?



சிராங்கூன் சாலைக்கு அருகில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வார இறுதி வகுப்பில், சில வாரங்களுக்கு முன் நீர்நிலைகளைப் பற்றிய பாடம் நடத்தினேன். ஆறு, ஏரி, குளம், ஊருணி, கிணறு என்று பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் காட்டினேன். தொடக்கநிலை நான்காம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஆசிரியை, கிணற்றுத் தண்ணீருக்கு யார் பில் கட்டுவார்கள்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "யாரும் கட்ட வேண்டியதில்லை. அது அவரவர் வீட்டுக் கிணறு" என்று விடை சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

வீடு திரும்பிய பின்னும் அந்த விடை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அது தவறான விடை. எங்கள் வீட்டுத் தண்ணீருக்கான கட்டணத்தைப் பக்கத்து வீட்டார் கட்டியிருக்கக்கூடும் என்னும் ஐயம் பல ஆண்டுகளாக என் மனத்தில் இருக்கிறது. அதை இன்று எழுதிவிடுவது என்று துணிந்தேன். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் பலருடைய கதையும் இதுவாக இருக்கலாம்.

நாங்கள் போட்ட ஆழ்துளைக் கிணறு

என் தந்தையாரின் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கம் உள்ள ஒரு சிற்றூர். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுவதும் அந்தப் பருவத்தில் பெய்ய வேண்டிய மழையில் பாதிகூடப் பெய்யவில்லை. 2017 சனவரியில் தமிழக அரசு மாநிலத்தை வறட்சி பாதித்ததாக அறிவித்தது. ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் தண்ணீரைப் பற்றியனவாகவே இருந்தன.

சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசினோம். ஆளுக்கு ஒரு தொகை போட்டோம். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையில் நான்தான் வரிசையில் நின்று அனுப்பினேன். அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் 450 அடி ஆழத்திற்குத் துளை போட்டார்கள். தண்ணீர் வந்தது. நீர்மூழ்கி மோட்டாரும் மாடியில் தொட்டியும் வைத்தார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுவதைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினார்கள். பெற்றோருக்கு ஒரு கடமையைச் செய்துவிட்டோம் என்னும் நிறைவு எங்களுக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அத்தை வீடு. பிறப்பு வழி உறவு இல்லை, ஊர் முறையில் அத்தை. அவருடைய வீட்டில் செம்புறாங்கல்லை வெட்டித் தோண்டிய கிணறு ஒன்று உண்டு. ஏறக்குறைய நாற்பது அடி ஆழம். அவருடைய மாமனார் காலத்தில் தோண்டியது. எங்கள் மோட்டார் ஓடத் தொடங்கிய சில மாதங்களில் அந்தக் கிணற்றில் அடித்தரை தெரிந்தது.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். முதலில் சாடை, பிறகு சண்டை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியும் தீரவில்லை. எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவர்கள் வருவது நின்றது. அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போவதும் நின்றது. ஊருக்குப் போயிருந்தபோது அத்தை என்னிடம் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "உங்க வீட்டு மோட்டார் சத்தம் கேக்கும்போதெல்லாம் எங்க கிணத்துல தண்ணி எறங்குற மாதிரியே இருக்கும்மா." நான் என்ன சொன்னேன்? "எங்க மனையில நாங்க போட்டோம் அத்தை. சட்டப்படி அதுல தப்பு இல்லை" என்றேன். படித்தவள் சொல்லும் சொல்லா அது?

சட்டம் யார் பக்கம்?

சட்டத்தைப் பொறுத்தவரை நான் சொன்னது சரிதான். அதுதான் வேதனை. 1843ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆக்டன் - பிளண்டல் என்னும் வழக்கு நடந்தது. சுரங்கம் தோண்டியதால் தம் கிணறு வற்றியது என்று ஒருவர் முறையிட்டார். தம் நிலத்தில் தோண்டியவர்மீது குற்றம் இல்லை, அண்டை நிலத்தின் கிணறு வற்றினாலும் அதற்கு அவர் பொறுப்பில்லை என்பது தீர்ப்பு. அதே கருத்து 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. குறிப்பிட்ட தடம் வழியே ஓடாத நிலத்தடி நீரைத் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமை நில உரிமையாளருக்கு உண்டு என்கிறது அது.

ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் அந்தச் சட்டத்தால் பெருந்தீங்கு நேரவில்லை. மாட்டின் வலிமையும் மனிதனின் வலிமையும் எவ்வளவோ அவ்வளவுதான் இறைக்க முடிந்தது. மின்மோட்டாரும் துளையிடும் வண்டியும் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. சட்டம் மட்டும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

கட்டுப்பாடு கொண்டுவர முயலவில்லையா என்று கேட்பீர்கள். முயன்றார்கள். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987இல் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலத்தின் ஏனைய பகுதிகளுக்காக 2003இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வராமலேயே பத்து ஆண்டுகள் கழிந்தன. 2013இல் அதை நீக்கிவிட்டார்கள். இந்திய அளவில் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 1997இல் அமைந்தது. 2020இல் வெளியான அதன் நெறிமுறைகள், வீட்டுப் பயன்பாட்டுக்கு நீர் எடுப்போருக்கும் உழவர்களுக்கும் அனுமதி தேவையில்லை என்று விலக்களித்தன. அந்த விலக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஏழைக் குடும்பத்தை அலுவலகம் அலுவலகமாக அலையவைக்கக் கூடாது அல்லவா? ஆனால் அதே விலக்கின் நிழலில்தான் எங்கள் 450 அடியும் அத்தையின் நாற்பது அடியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2020 மதிப்பீட்டில், தமிழ்நாட்டின் 1166 குறுவட்டங்களில் நானூறுக்கும் மேற்பட்டவை, ஊறுவதைவிட மிகுதியாக நீர் எடுக்கப்படும் பகுதிகளாகக் குறிக்கப்பட்டன. அந்த ஒவ்வொரு குறுவட்டத்திலும் எத்தனை சுவர்கள், எத்தனை அத்தைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

உண்மையில் யார் குற்றம்?

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தையின் கிணறு எங்கள் துளையால்தான் வற்றியதா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

மோட்டார் நீரை உறிஞ்சும்போது, துளையைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர்மட்டம் புனல் வடிவத்தில் தாழ்கிறது. அந்தப் புனலின் விளிம்புக்குள் ஆழம் குறைந்த கிணறு ஒன்று அகப்பட்டால் அது வற்றும். பாறைப் பகுதியில் வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில் தொலைவிலுள்ள கிணறும் பாதிக்கப்படலாம். மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ள இடத்தில், இடையே தடித்த களிமண் படிவு இருந்தால், ஆழத்தில் எடுக்கும் நீருக்கும் மேற்கிணற்றுக்கும் தொடர்பே இல்லாமலும் போகலாம். அந்த ஆண்டு மழையும் பொய்த்திருந்தது. எனவே அத்தையின் கிணறு மழையில்லாமல் வற்றியதா, எங்களால் வற்றியதா, இரண்டாலுமா?

இதற்கு விடை சொல்ல ஒரு கயிறு போதுமாயிருந்தது. எங்கள் துளைக்கு முன்பும் பின்பும் வாரம் ஒருமுறை அந்தக் கிணற்றில் கயிற்றை இறக்கி நீர்மட்டத்தைக் குறித்து வைத்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். யாரும் அளக்கவில்லை. அளவு இல்லாத இடத்தில் ஐயம் குடியேறுகிறது. ஐயம் இருக்கும் இடத்தில் மோட்டார் சத்தமே சாட்சியாகிவிடுகிறது.

அண்டை வீட்டார் தண்ணீருக்காகச் சண்டையிடுவதைக் குணக்கேடு என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். நான் அப்படி எண்ணவில்லை. எல்லாருக்கும் கீழே ஒன்றாகக் கிடக்கும் பொருளை, மேலே உள்ள மனையின் அளவைக் கொண்டு தனியுடைமையாக்கிவிட்டு, எவ்வளவு எடுக்கிறோம் என்பதையும் அளக்காமல் விட்டால், நல்லவர்களும் சண்டையிடத்தான் செய்வார்கள். தமிழர்கள் மட்டுமல்லர். 2014ஆம் ஆண்டு வறட்சியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிழக்கு போர்ட்டர்வில் என்னும் சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. செல்வம் மிகுந்த மாநிலத்தில் மக்கள் புட்டித் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழ்ந்தார்கள். அந்த ஆண்டில்தான் அம்மாநிலம் நிலத்தடி நீரை முறைப்படுத்த விரிவான சட்டம் இயற்றியது.

பங்கு என்னும் சொல்

என்னோடு பணியாற்றிய யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர், அவர்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும் என்று சொல்வார். காணியைப் பிரித்தாலும் கிணற்றை உடைத்துப் பிரிக்க முடியாது அல்லவா? எனவே இத்தனையில் ஒரு பங்கு என்று எழுதுவார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்படிவில் தேங்கும் மழைநீரே அவர்களுக்கு உயிர். அந்த நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர்நீர் ஏறிவிடும். ஒருவருடைய பேராசை எல்லாருடைய கிணற்றையும் உப்பாக்கிவிடும் மண்ணில், பங்கு என்னும் சொல் உறுதியில் ஏறியது வியப்பன்று.

தமிழ்நாட்டிலும் பங்காளிகள் பொதுவாக வைத்திருந்த கிணறுகள் உண்டு. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறைவைத்து இறைத்தார்கள். ஆளுக்கு ஒரு துளை என்று ஆனபோது அந்த முறை தளர்ந்தது.

ஆனால் பழையது எல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பங்கு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஊர்க் கிணற்றில் வாளியை இறக்க உரிமையின்றி, யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்து நின்றவர்கள் நம் மக்களே. 1927 மார்ச்சில் மகாராட்டிரத்தின் மகாடு நகரில் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகுவதற்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. நிலம் உள்ளவனுக்கே நீர் என்னும் சட்டமும் நிலமற்றவரை அதே இடத்தில்தான் நிறுத்துகிறது. எனவே நாம் மீட்க வேண்டியது பழைய ஊரை அன்று. பங்கு என்னும் எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விடுபட்டவர்களையும் சேர்த்து அதை விரிவாக்க வேண்டும்.

அது நடக்கக்கூடியதே. மகாராட்டிரத்தின் ஹிவ்ரே பஜார் என்னும் சிற்றூரில், ஊராட்சித் தலைவராக இருந்த போபட்ராவ் பவார் காலத்தில் ஊரார் கூடி முடிவெடுத்தார்கள். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை, கரும்பு போன்ற நீர் மிகுதியாகக் குடிக்கும் பயிர்களைப் பயிரிடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஆண்டுதோறும் மழையை அளந்து, இருப்பு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று நீருக்கு வரவுசெலவுத் திட்டம் போடுகிறார்கள். ஆந்திரத்திலும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் உழவர்களே மழைமானியும் அளவுக் கயிறும் கொண்டு தங்கள் கிணறுகளை அளந்து கணக்கு வைத்தார்கள். அளவு அனைவர் கண்ணுக்கும் தெரிந்த இடத்தில் கட்டுப்பாட்டை அதிகாரி வந்து திணிக்க வேண்டியிருக்கவில்லை.

புயலுக்குப் பிறகு

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள் அடைந்த துன்பத்தை நீங்கள் அறிவீர்கள். எங்கள் ஊரில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல வாரங்கள் மின்சாரம் இல்லை. 450 அடிக்குக் கீழே தண்ணீர் இருந்தது. எடுக்க வழியில்லை. எங்கள் மோட்டாரும் மாடித் தொட்டியும் வெறும் காட்சிப் பொருள்களாயின.

அத்தையின் நாற்பதடிக் கிணற்றில் மழைக்குப் பின் தண்ணீர் ஊறியிருந்தது. கயிறும் வாளியும் இருந்தால் போதும். என் தாயார் முதல் நாள் போகத் தயங்கினார். இரண்டாம் நாள் அத்தையே சுவரோரம் வந்து, "கொடத்த எடுத்துக்கிட்டு வா" என்றாராம். பழைய சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மின்சாரம் திரும்பும்வரை எங்கள் வீடு அந்தக் கிணற்றைத்தான் நம்பியிருந்தது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இச்செய்தியைக் கேட்ட நான் வெட்கப்பட்டேன். சட்டப்படி எங்களுக்குத் தண்ணீர் தர வேண்டிய கட்டாயம் அத்தைக்கும் இல்லை அல்லவா?

அதன் பிறகு நாங்கள் சிலவற்றைச் செய்தோம். எங்கள் மாடியில் விழும் மழைநீரை மணலும் சரளையும் இட்ட வடிகுழி வழியாக அத்தையின் கிணற்றுக்குத் திருப்பினோம். மழைநீர்ச் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு குழாயும் ஒரு பொய்க்குழியும் கணக்குக்காக இருந்தன, அவ்வளவுதான். அடுத்ததாக, எங்கள் துளையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் கொடுத்தோம். மோட்டார் காலையில் ஒருமுறை மட்டுமே ஓட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தோம். என் அண்ணன் மகள் வெள்ளிக்கிழமைதோறும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி, எத்தனை முடிச்சு நனைந்தது என்று நாட்காட்டியில் குறிக்கத் தொடங்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோடையில் முணுமுணுப்பு இன்னும் எழுகிறது. ஆனால் இப்போது சத்தத்தை வைத்துச் சண்டை இல்லை. முடிச்சை எண்ணிப் பேசுகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரிலும் ஒருகாலத்தில் கம்பங்களில் கிணறுகள் இருந்தன. கிரேத்தா ஆயர் என்னும் பெயரே தண்ணீர் வண்டியைக் குறிப்பதுதான். நமது தேக்கா வட்டாரத்தில் மாட்டுக்கொட்டில்கள் பெருகியதற்கு இங்கே புல்லும் நீரும் கிடைத்ததே காரணம். 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை பத்து மாதங்கள் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் ஓடுகிறது. 1991 முதல் தண்ணீர்ப் பாதுகாப்பு வரியும் கட்டணத்தோடு சேர்ந்து வருகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்பதைப் பொதுப் பயனீட்டுக் கழகம் கணக்கிட்டுச் சொல்கிறது. 2003இல் 165 லிட்டராக இருந்தது, 2023இல் 141 லிட்டர்.

இந்த நாட்டில் இத்தனை கணக்காக வாழும் நாம், ஊருக்குப் பணம் அனுப்பும்போது மட்டும் கணக்கை மறந்துவிடுகிறோம். இங்கே குழாயை மூடு என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் அதே வாயால், அங்கே இன்னும் நூறு அடி போடுங்கள் என்று தொலைபேசியில் சொல்கிறோம்.

பெற்றோர்களிடம் என் வேண்டுகோள் இது. ஊரில் துளை போடப் பணம் அனுப்புமுன், பக்கத்து வீட்டுக் கிணறு எத்தனை அடி என்று கேளுங்கள். துளைக்கு ஆகும் செலவோடு வடிகுழிக்கும் சேர்த்து அனுப்புங்கள். முதல் நாளிலிருந்தே அளந்து குறித்து வைக்கச் சொல்லுங்கள். அண்டை வீட்டாரையும் அழைத்து அளக்கச் சொல்லுங்கள். நாளை சண்டை வந்தால், இருவருக்கும் பொதுவான சாட்சி அந்தக் கணக்கு ஒன்றுதான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பிள்ளையின் கையில் அந்தக் கயிற்றைக் கொடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று. 'கிணறு' என்று படம் காட்டிப் பொருள் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். அது யாருடையது, எவ்வளவு எடுக்கலாம், வற்றினால் யார் துன்பப்படுவார் என்று கேளுங்கள். மாணவர்கள் விவாதிக்கட்டும். பங்கு, முறை, ஊற்று, உவர், வடிகுழி ஆகிய சொற்கள் அந்தப் பேச்சிலேயே தாமாக வந்துவிடும். சொல்லுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று பிள்ளைகள் அறிந்தால், அந்தச் சொல்லை மறக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தச் சிறுவனிடம் நான் சொல்லப்போகும் விடையை எழுதி முடிக்கிறேன். 'தம்பி, நீ கேட்ட கேள்வி சரி, நான் சொன்ன விடைதான் தவறு. கிணற்றுத் தண்ணீருக்கும் பில் உண்டு. எடுப்பவர் கட்டாவிட்டால், அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.'